தொட்டில் அட்டையில் என்ன எழுதட்டும்?

வாசகர் கேள்வி – பதில்

(மேற்கு வேல்ஸில் 26 ஆண்டுகள் மருத்துவச்சி வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிஸ்டர் பதில் சொல்கிறார். இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: பெண் குழந்தைக்கு வெல்ஷ் பெயர்.)

கேள்வி: சிஸ்டர், நாங்கள் நியூபோர்ட்டில் இருக்கிறோம். ஜூலையில் பெண் குழந்தை பிறக்கப்போகிறது. பிறக்கும் மண்ணின் பெயரே வைக்கலாம் என்று நினைக்கிறோம். இணையத்தில் ஒரு பட்டியல் ஃபியோன் என்றால் 'வெண்மையானவள்' என்கிறது, இன்னொன்று பூ என்கிறது. டெகன் என்றால் 'அழகி' என்று எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது. நம்பலாமா?
— நியூபோர்ட் வாசகி

பதில்: இந்தப் பட்டியல் எழுதுகிறவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்கள். ஃபியோன் 'வெண்மை' ஆனது, அயர்லாந்து மொழியில் வெண்மைக்கு இருக்கும் சொல்லோடு அதைப் போட்டுக் குழப்பியதால். வெல்ஷில் ஃபியோன் என்றால் டிஜிட்டாலிஸ் பூ. ஜூன் மாதம் வேலி ஓரமாகப் பாருங்கள். ஆள் உயரத்துக்கு ஒற்றைத் தண்டு, அதில் ஒரு பக்கமாக ஊதாக் குழல்கள் வரிசையாகத் தொங்கும், குழலுக்குள் எட்டிப் பார்த்தால் புள்ளி புள்ளியாக இருக்கும். பேச்சில் அந்தப் பூவை இன்று 'நாய் விரல்கள்' என்றுதான் சொல்வார்கள். ஃபியோன் பழைய இலக்கியச் சொல். ஓல்வென் என்ற பெண்ணை வர்ணிக்கிற பழங்கதையில், அவள் கன்னம் ஃபியோனைவிடச் சிவப்பு என்று வரும். ஆக வெண்மைக்கு நேர் எதிர்!

நர்ஸ் புத்தி போகாது, இதையும் சொல்லிவிடுகிறேன். இதய நோயாளிக்குக் கொடுக்கும் டிஜாக்சின் இந்தச் செடி இனத்திலிருந்து வந்த மருந்து. இலையைத் தெரியாமல் தின்றால் அதே இதயத்தை நிறுத்தியும் விடும். பெயர் வைக்க அது ஒரு தடையே இல்லை, தோட்டத்தில் நடுவதற்குத்தான் யோசிக்க வேண்டும்.

டெகன் விஷயத்தில் பட்டியல் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லாமல் விட்டிருக்கிறது. டெக் என்றால் அழகு, அதிலிருந்து வந்த பெயர்தான். ஆனால் டெகன் என்ற சொல்லுக்கு நடைமுறையில் 'பொம்மை, விளையாட்டுச் சாமான்' என்று பொருள். வெல்ஷ் வழிப் பள்ளியில் மழலை வகுப்பில் சேர்த்தால் பொம்மைப் பெட்டியின் மேல் உங்கள் மகள் பெயர் பன்மையில் எழுதியிருக்கும். சிரித்துக்கொண்டு போகிற குடும்பம் என்றால் வையுங்கள்.

பட்டியல்காரர்கள் மறந்துபோகிற விஷயம் இதுதான். இந்தப் பெயர்கள் அகராதியில் உறங்குகிறவை இல்லை. 2021 கணக்கெடுப்பில் வேல்ஸில் 17.8 விழுக்காட்டினர், அதாவது 5,38,000 பேர், வெல்ஷ் பேசுவதாகச் சொன்னார்கள். அவர்கள் காதில் எய்ரா என்பது முதலில் பனி, அப்புறம்தான் பெயர். நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவந்த தாய் ஒருத்தியின் மூத்த மகள் எய்ரா, மூன்று வயது. அடுப்படி வானொலியில் வெல்ஷில் வானிலை சொல்லிக்கொண்டிருந்தது. 'மலைப்பகுதிகளில் எய்ரா' என்று வந்ததும் குழந்தை ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, "நான் இங்கேதானே இருக்கேன்" என்றாள். நமக்கு மலர் என்றோ நிலா என்றோ ஒரு பிள்ளை இருந்தால் எப்படியோ, அப்படி.

என் கருத்தைக் கேட்டால் அங்ஹாரட். 'அங்' இங்கே 'மிக' என்கிற அழுத்தம், பின்பாதி 'நேசம்'. மிகவும் நேசிக்கப்பட்டவள். காரிஸ், கெரிஸ் இரண்டுக்கும் அதே வேர்தான், ஆனால் அவை நேற்று முளைத்தவை. அங்ஹாரட் 900 வருஷத்துக்கு முன்னாலேயே அரச குடும்பங்களில் புழங்கிய பெயர். 12ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் முழுக்கச் சுற்றி எழுதிவைத்த பாதிரியார் ஜெரால்டின் தாய்க்கும் இதே பெயர்.

கேள்வி: என் மேலாளர் பெயரை எழுத்தில் பார்த்தால் 'சியான்'. நான் அப்படியே கூப்பிட, கூட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள். வெல்ஷ் பெயர்களைப் படிக்க ஏதாவது சூத்திரம் உண்டா?
— மென்பொருள்காரர், ஸ்வான்சீ

பதில்: ஷான். எஸ், ஐ சேர்ந்து பின்னால் உயிர் வந்தால் 'ஷ'. ஏ தலையில் இருக்கும் குறிக்கு வெல்ஷில் 'டோ பாஹ்', அதாவது சின்னக் கூரை, என்று பெயர். கூரை இருந்தால் நெடில். ஜேன், ஜோன் என்கிற அதே பெயரின் வெல்ஷ் வடிவம் இது. ஷோனெட், ஷிவான் எல்லாம் இதன் அக்கா தங்கைகள்.

எழுத்தைப் பார்த்துப் பயப்படுகிறோமே தவிர ஆங்கிலத்தைவிட இது ஒழுங்கான மொழி, எழுதியபடி படிப்பார்கள். மொத்தம் 29 எழுத்து. இரட்டை டி ஒரே எழுத்து: அது, இது என்னும்போது நம் வாயில் வருகிறதே, அந்த த. அதனால் ஹெலெத் என்ற பெயரைத் தமிழர் ஆங்கிலேயரைவிட அழகாகச் சொல்லலாம். ஒற்றை எஃப் என்றால் 'வ', இரட்டை எஃப் என்றால்தான் 'ஃப'. ஆகவே வானவில்லுக்கான பெயர் என்விஸ், கோடைக்கான பெயர் ஹாவ். டபிள்யூ பல இடத்தில் 'உ'. ஒய் கடைசி அசையில் 'இ', அதற்கு முன்னால் வந்தால் 'அ' மாதிரி. அதனால்தான் மவான்வி என்று சொல்கிற பெயரை நம் ஆட்கள் 'மைஃபேன்வி' என்று கொல்கிறார்கள். அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில்.

மிச்சம் இரட்டை எல். அதுவும் ஒரே எழுத்துதான், குறுக்கெழுத்துப் போட்டியில் ஒரே கட்டத்துக்குள் போடுவார்கள். நாக்கை ல சொல்கிற இடத்தில் ஒட்டிவையுங்கள். குரல் கொடுக்காதீர்கள். பக்கவாட்டில் காற்றை மட்டும் விடுங்கள். வாத்து சீறுகிற சத்தம் வந்தால் தேறிவிட்டீர்கள். எனக்கு வர நாலு மாதம் ஆனது. தமிழில் எழுதும்போது ஆய்த எழுத்தைப் போட்டுச் சமாளிக்கிறேன்: ஃலினோஸ். சின்னஞ்சிறு பாடும் பறவை ஒன்றின் பெயர் அது.

இன்னொரு எச்சரிக்கை. லௌரி என்ற பெண்ணைத் தயவுசெய்து லாரி என்று கூப்பிடாதீர்கள். லாரா என்பதன் வெல்ஷ் வடிவம் அது. சுமை ஏற்றுகிற வண்டி இல்லை.

கேள்வி: நான்கு வருஷத்துக்கு முன் மகளுக்கு ப்ரான்வின் என்று பெயர் வைத்தோம். பக்கத்து வீட்டு மூதாட்டி, "அது பையன் பெயர் மாதிரி இருக்கிறதே" என்கிறார். உண்மையா?
— கார்டிஃப்

பதில்: மூதாட்டி சொல்வது இலக்கணம். க்வின் என்றால் வெள்ளை, ஆண்பால். க்வென் அதே சொல், பெண்பால். வெண்மை மட்டுமில்லை, தூய, ஆசி பெற்ற என்றும் பொருள் விரியும். பெயரின் வாலில் சேரும்போது முதல் எழுத்து தேய்ந்து -வின், -வென் ஆகிவிடும். எனவே பெண் என்றால் ப்ரான்வென், ஓல்வென், எய்ர்வென்.

இந்தப் பாடத்தை நான் வாங்கிக்கட்டிக்கொண்டுதான் படித்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலம். இரவுப் பணி முடிகிற நேரம், தொட்டில் அட்டையில் நானே பெரிய எழுத்தில் 'ப்ரான்வின்' என்று எழுதி மாட்டினேன். காலையில் பார்க்க வந்த பாட்டி — தெற்கே பாட்டியை மாம்கீ என்பார்கள், வடக்கே நைன் — அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. என் சட்டைப் பையிலிருந்த பேனாவை அவரே எடுத்தார். ஒய்யை அடித்து, மேலே சின்னதாக ஓர் ஈ எழுதி, பேனாவை மறுபடி என் பையிலேயே செருகிவிட்டு, பேத்தியைத் தூக்கிக்கொண்டார். அதற்கப்புறம் ஒரு அட்டையிலும் நான் தப்பு விடவில்லை.

ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டாம். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் ஒய் போட்ட ப்ரான்வின் எத்தனையோ பேர். வேல்ஸுக்கு வெளியே அதுவே வழக்கமாகிவிட்டது. நான்கு வயதுப் பிள்ளை தன் பெயரை எழுதப் பழகியிருப்பாள், மாற்றாதீர்கள். பொருள் கேட்டால் மட்டும் பட்டியலில் இருக்கிற 'தூய இதயம்' என்பதைச் சொல்லாதீர்கள். ப்ரான் என்றால் மார்பு. வெண்மார்பினள், அவ்வளவுதான். பழங்காலத்தில் அது கூச்சப்பட வேண்டிய வர்ணனை இல்லை, நம் பழம்பாட்டுகளிலும் இல்லாததா?

கேள்வி: அம்மா, என் கணவர் வடக்கு வேல்ஸ்காரர், வீட்டில் வெல்ஷ்தான். மாமியார் தன் தாயின் பெயரான 'மைர்' என்று வைக்கச் சொல்லி ஆசையாகக் கேட்கிறார். எங்கள் பக்கம் தொலைபேசியில் இதைச் சொன்னால்... உங்களுக்கே தெரியும். எப்படி மறுப்பது?
— பாலா பக்கத்துக் கிராமம்

பதில்: கடிதத்தைப் படித்துவிட்டுக் கால் மணி நேரம் சிரித்தேன், மன்னிக்கணும். தலையில் முளைப்பதன் பெயரைத் தலைச்சன் பிள்ளைக்கு வைக்க முடியாதுதான்.

மாமியாரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். "அத்தை, எங்கள் மொழியில் இந்தச் சத்தத்துக்கு வேறு அர்த்தம், அதையும் சண்டையில்தான் சொல்வோம்" என்றால் போதும். அவருக்குப் புரியும், டெகன் சமாச்சாரம் அவர்களுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெயரின் மதிப்பையும் தெரிந்துகொண்டு பேசுங்கள். மைர் என்றால் மேரி, முக்கியமாக மாதா மேரி. வேல்ஸ் முழுக்க ஃலான்வைர் என்று தொடங்கும் ஊர்கள் இருக்கின்றனவே, ஆங்கில்சீ தீவில் 58 எழுத்தில் ரயில் நிலையப் பலகை வைத்திருக்கும் ஊர் உட்பட, அதெல்லாம் 'மைரின் தேவாலயம்'.

மேரிக்கே வெல்ஷில் இன்னொரு வடிவம் இருக்கிறது: மாரி. மாமியாருக்குத் தன் தாயின் பெயர், உங்கள் வீட்டுக்கு மழையும் அம்மனும். அந்த ஊரில் மழைக்கும் குறைவில்லை. இதைவிடப் பொருத்தமாக நான் தேடினாலும் கிடைக்காது.

நீயா என்று ஒரு பெயரும் உண்டு, அயர்லாந்துக் கதையிலிருந்து வந்து வேல்ஸில் நிலைத்துவிட்டது. கேட்க இனிமைதான். ஆனால் கதவு தட்டும் சத்தம் கேட்டு "யாரு?" என்று நீங்கள் கேட்க, "நீயா" என்று அவள் சொல்ல, வாழ்நாள் முழுக்க இதே கூத்து நடக்கும். எலின் வேண்டாம், பள்ளி விடுமுறையில் தமிழ்ப் பிள்ளைகள் முதல் இரண்டு எழுத்தோடு நிறுத்திக்கொள்வார்கள்.

கேள்வி: பிரான்வென் என்று வைக்க ஆசை, முன்பாதி 'ப்ரான்' இல்லை, 'பிரான்' (ஆங்கில எழுத்தில் ஓ இல்லை, ஏ). கதையில் அவள் துன்பப்பட்டுச் சாகிறாள், ராசியில்லாத பெயர் என்கிறார் ஒரு நண்பர்.
— ஸ்வான்சீ

பதில்: முன்பாதியைச் சரியாகப் பிரித்தீர்கள். பிரான் என்றால் காகம், அண்டங்காக்கை. மபினோகி என்ற வேல்ஸின் பழங்கதைகளில் அவள் அண்ணன் பெயரும் அதுதான்.

கதை சோகம்தான், மறுக்கவில்லை. அயர்லாந்து ராஜாவுக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். அங்கே அவளைச் சமையலறைக்குத் தள்ளி, கசாப்புக்காரன் தினமும் வந்து கன்னத்தில் அறையும்படி செய்கிறார்கள். கடலுக்கு இந்தப் பக்கம் சேதி தெரியாமலிருக்கக் கப்பல்களையும் நிறுத்திவிடுகிறார்கள். அவள் என்ன செய்கிறாள்? மாவு பிசையும் தொட்டியின் விளிம்பில் வந்து உட்காரும் ஒரு ஸ்டார்லிங் குஞ்சுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறாள். அண்ணன் எப்படி இருப்பான் என்று அடையாளம் சொல்கிறாள். சிறகடியில் ஓலையைக் கட்டிப் பறக்க விடுகிறாள். இதற்கு மூன்று வருஷம். அண்ணன் கடலில் நடந்தே வருகிறான். மாவுத் தொட்டிப் பக்கத்தில் மூன்று வருஷம் ஒரு பறவைக்குப் பாடம் எடுத்தவள் பெயர் எப்படி ராசியில்லாததாகும்?

அந்தக் கதைகளில் ராசி பார்த்தால் ஒரு பெயரும் மிஞ்சாது. ரியானன் 'மாபெரும் அரசி', பெற்ற பிள்ளையைக் கொன்றாள் என்று வீண்பழி சுமந்து ஏழு வருஷம் வாசலில் உட்கார்ந்திருக்கத் தண்டனை பெற்றவள். வருகிற ஆளையெல்லாம் முதுகில் சுமக்கிறேன் என்று கேட்க வேண்டும். இருந்தும் அந்தப் பெயரில் எத்தனை பெண்கள்! அரியான்ரோட் 'வெள்ளிச் சக்கரம்', சொந்த மகனுக்கே பெயர் வைக்க மாட்டேன் என்று சாபம் போட்டவள். அவளை மட்டும் நானும் ஒதுக்குவேன். ப்லொடைவெத் ஓக், மஞ்சள் புரூம், மெடோஸ்வீட் ஆகிய மூன்று பூக்களால் மந்திரவாதிகள் உண்டாக்கிய பெண், கட்டியவனைக் கொல்லப் பார்த்து ஆந்தையானவள். அந்தப் பெயரை ஒரே ஒரு முறை தொட்டிலில் பார்த்தேன். அது பூனைக்குட்டிக்கு, குழந்தை வீட்டுக்குப் போன பிறகு.

கேள்வி: எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தந்தை பெயரின் முதலெழுத்துதான். பதிவு அலுவலகத்தில் புரியவைக்க முடியுமா?
— ஃலனெஃலி

பதில்: அந்த ஊர்க்காரர்களுக்கு நாம் புரியவைக்கத் தேவையே இல்லை. அவர்களும் நம்மைப் போலத்தான் இருந்தார்கள். இன்னார் 'ஆப்' இன்னார் என்றால் மகன், இன்னார் 'வெர்ஹ்' இன்னார் என்றால் மகள். 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துச் சட்டத்தின் கீழ் வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குடும்பப் பெயர் புகுந்தது. ஆப் ஹ்ரீஸ் ஒட்டிக்கொண்டு பிரைஸ் ஆனது, ஆப் ஹவல் பவல் ஆனது. இப்போதும் சிலர் மகளுக்கு 'வெர்ஹ்' போட்டுப் பதிகிறார்கள். பெற்றோர் சொல்கிற குடும்பப் பெயரைப் பதிவார்கள், அப்பா பெயரை முழுசாகக் கொடுத்துவிடுங்கள். 42 நாளுக்குள் போக வேண்டும். அதை மறக்காதீர்கள், பெயர் யோசித்தே நாளைக் கடத்துகிற நம் குடும்பங்கள் பலதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: செரென்?
— அட்டையில் ஒற்றை வார்த்தை, ஊர் இல்லை

பதில்: நட்சத்திரம். நல்ல பெயர். வகுப்பில் இன்னொருத்தியும் இருப்பாள்.

கேள்வி: ஹைல்வென், டிலிஸ், எய்ர்லிஸ் — இவையெல்லாம் பாட்டிப் பெயர்களா?
— ரெக்ஸம்

பதில்: ஆமாம், என்னிடம் பிள்ளை பெற்றவர்களின் அம்மாக்கள் பெயர். ஹைல்வென் வெயில், எய்ர்லிஸ் பனிக்காலக் கடைசியில் தலைகுனிந்து பூக்கும் வெள்ளைப் பூ. டிலிஸ் என்றால் மெய்யான, போலியில்லாத. ரயில் சீட்டு செல்லும் என்பதற்கும் அதே சொல். அதனாலோ என்னவோ இளசுகள் தொடுவதில்லை. வெயில்தான் வேண்டுமென்றால் டெஸ்னி இருக்கிறது, இதமான வெயிலின் கதகதப்பு. பாட்டி வாசனை இல்லாதது.

கேள்வி: க்வென்ஃலியன் என்று கணவர் பிடிவாதமாக இருக்கிறார். ஆங்கிலேயர் வாயில் நுழையாத பெயரை ஏன் சுமத்த வேண்டும் என்கிறேன் நான். தீர்ப்புச் சொல்லுங்கள்.
— அபெரிஸ்ட்வித்

பதில்: கணவர் பக்கம் நிற்கிறேன். கோபிக்காதீர்கள்.

இந்தப் பெயரில் இரண்டு பேரைத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாமவள் 1136இல், கணவன் உதவிப்படை தேடி வடக்கே போயிருந்தபோது, தானே படை நடத்தி நார்மன்களை எதிர்த்துக் கிட்வெலி கோட்டை அருகே இறந்தாள். அந்த இடத்துக்கு இன்றும் 'க்வென்ஃலியன் வயல்' என்றே பெயர். இரண்டாமவள் கைக்குழந்தை. வேல்ஸின் கடைசி இளவரசர் ஃலவெலினின் ஒரே மகள், 1282 ஜூனில் பிறந்தாள். பிரசவத்திலேயே தாய் போய்விட்டாள். அதே டிசம்பரில் தகப்பன் போரில் கொல்லப்பட்டான். இங்கிலாந்து ராஜா குழந்தையைத் தூக்கி லிங்கன்ஷயரில் செம்ப்ரிங்ஹாம் மடத்தில் வைத்தார், அவளுக்கு வாரிசு பிறந்துவிடக் கூடாது என்று. 1337இல், 54 வயதில், அங்கேயே இறந்தாள். சுற்றிலும் இருந்தவர்கள் வாயில் அவள் பெயர் நுழைந்திருக்காது, மடத்து ஏடுகளிலும் கண்டபடி எழுதிவைத்தார்கள்.

2009இல் ஸ்னோடோனியா மலைத்தொடரில் ஒரு சிகரத்துக்கு அவள் பெயரை வைத்தார்கள், கார்நெத் க்வென்ஃலியன். பக்கத்துச் சிகரங்களில் ஒன்று தகப்பன் பெயரிலும் இன்னொன்று சித்தப்பன் டாவித் பெயரிலும் சொல்லப்படுபவை. தெளிந்த நாளில் மூன்றையும் ஒரே நடையில் ஏறி வரலாம். நான் இரண்டோடு நின்றுவிட்டேன், முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

வீட்டில் க்வென்னோ என்று கூப்பிடுங்கள். சான்றிதழில் முழுப் பெயர் இருக்கட்டும். பள்ளியில் யாராவது திணறினால் அவளே சொல்லிக்கொடுப்பாள்: நாக்கை ல-வில் வை, காற்றை விடு.